ஃபங்ஷன் போனாலும் மாறி போகாது

ஒரு வலைப்பக்கத்தில் ஐந்து பொத்தான்கள். முதல் பொத்தானைத் தட்டினால் 0 வர வேண்டும், அடுத்ததைத் தட்டினால் 1, இப்படியே 4 வரை. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குட்டி ஃபங்ஷனை உருவாக்கிப் பொத்தானோடு கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் லூப்பின் மாறியை ‘வார்’ என்ற பழைய முறையில் அறிவித்திருந்தால், எந்தப் பொத்தானைத் தட்டினாலும் 5தான் வரும். வேலைக்கான நேர்காணல்களில் வெகுகாலமாக இதைக் கேட்டு ஆட்களைத் திணறடித்து வருகிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் கோணங்கித்தனம் இது என்று பலர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது அநியாயம். எண்ணையும் எழுத்தையும் போல ஃபங்ஷனையும் ஒரு மதிப்பாகக் கொடுக்க வாங்க விடுகிற எந்த மொழியிலும், அதைக் கட்டுகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தனக்கு வெளியே இருக்கும் மாறியை ஒரு ஃபங்ஷன் பயன்படுத்தினால், அது கூடவே எடுத்துப்போவது அந்த மாறியின் அப்போதைய மதிப்பையா, மாறியையேவா? மேலே உள்ள ஐந்து ஃபங்ஷன்களும் மாறியையே எடுத்துப்போயின. மாறியோ ஒன்றே ஒன்றுதான். லூப் முடிந்தபோது அதில் 5 இருந்தது.

மாறியை எடுத்துப்போவது சொல்வதற்குத்தான் எளிது. சாதாரணமாக ஒரு ஃபங்ஷனை அழைத்ததும், அதன் உள்மாறிகளுக்கு ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியின் மேல்முனையில் இடம் ஒதுக்கப்படும். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் பறிபோகும். அடுத்து அழைக்கப்படும் ஃபங்ஷன் அதே இடத்தில் தன் மாறிகளை எழுதிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்த கையோடு இலையை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இலை போடுகிற மாதிரி. மேல்முனை எது என்று காட்டும் ஒரு பாயின்டரை ஏற்றி இறக்கினாலே இவ்வளவும் நடந்துவிடும் என்பதால் இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. கடைசியாக அழைக்கப்பட்ட ஃபங்ஷன் முதலில் முடியும், முடிந்தபின் அதன் மாறிகளை யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை.

வெளிமாறியைக் கூடவே எடுத்துப்போகிற ஃபங்ஷன், அதாவது க்ளோஷர், அந்த நம்பிக்கையில் கைவைக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் ‘தொகை’ என்று ஒரு மாறி, தொடக்க மதிப்பு 0. உள்ளேயே இன்னொரு ஃபங்ஷன். அழைக்கும்போதெல்லாம் தொகையோடு 1 கூட்டித் தரும். வெளி ஃபங்ஷன் இந்த உள் ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முடிந்துபோகிறது. கைக்கு வந்த ஃபங்ஷனை அழைத்தால் 1 வருகிறது. மறுபடி அழைத்தால் 2, பிறகு 3. அப்படியானால் தொகை எங்கே இருக்கிறது? அது பிறந்த ஸ்டாக் இடத்தில் இந்நேரம் வேறு ஏதோ ஒரு ஃபங்ஷன் குடியேறியிருக்கும்.

இந்தச் சேற்றில் முதலில் காலை வைத்தது லிஸ்ப். 1958-இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய மொழி. ஃபங்ஷனுக்கான லாம்டா குறியீட்டை, அலோன்சோ சர்ச் 1930-களில் வகுத்த கணிதத்திலிருந்து மெக்கார்த்தி எடுத்துக்கொண்டார். சர்ச்சின் புத்தகத்தில் மீதிப் பகுதி தனக்குப் புரியவில்லை என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். சர்ச்சுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவருடைய கணிதத்தில் நினைவகமும் கிடையாது, பறிபோகிற இடமும் கிடையாது. லிஸ்ப் ஓட வேண்டியிருந்ததோ ஐபிஎம் 704 என்ற நிஜ இயந்திரத்தில். ஜேம்ஸ் ஸ்லேகிள் என்பவர் எழுதிய ஒரு லிஸ்ப் ஃபங்ஷன் எதிர்பார்த்தபடி ஓடாமல் போக, அவர் வந்து முறையிட்டார். எழுதப்பட்ட இடத்தில் அந்த மாறிக்கு என்ன பொருளோ அதை எடுக்காமல், அழைக்கப்பட்ட நேரத்தில் அதே பெயரில் எது கண்ணில் பட்டதோ அதை இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. மெக்கார்த்தி இதை ஏதோ சில்லறைப் பிழை என்றும், ஸ்டீவ் ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார் என்றும் நினைத்தார். ரஸ்ஸல் சரிசெய்தார்தான். ஆனால் அதற்கு, ஃபங்ஷனை அனுப்பும்போது அதன் சூழலையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் புது உத்தி ஒன்றையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘ஃபனார்க்’ என்று அதற்குப் பெயர். பிரச்சினைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

1964-இல் பிரிட்டனின் பீட்டர் லாண்டின் இதற்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்தார். ஓட்ட வேண்டிய கட்டளைகள் ஒரு பாகம். அவற்றில் வரும் பெயர்களுக்கு மதிப்பை எங்கே தேடுவது என்ற சூழல் இன்னொரு பாகம். இரண்டும் சேர்ந்த சோடிதான் க்ளோஷர். அந்தப் பெயரும் அவர் வைத்ததே. பின்னால் வந்த பல மொழிகள் இந்தச் சிக்கலைத் தொடாமல் ஒதுங்கியே போயின. பாஸ்கலில் ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்குள் அனுப்பலாம், ஆனால் திருப்பித் தர முடியாது. சி மொழி ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது.

சூழல் முழுவதையும் ஸ்டாக்கிலிருந்து எடுத்து ஹீப் என்ற இன்னொரு நினைவகப் பகுதியில் வைத்துவிட்டு, தேவையற்றதைக் குப்பை சேகரிப்பான் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே? விடலாம். ஆனால் எப்போதாவது வருகிற ஒரு க்ளோஷருக்காக ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் கப்பம் கட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த விடை ரியோ டி ஜெனிரோவிலிருந்து வந்தது. அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லூவா, 1998-இல் வெளியான தன் 3.1 பதிப்பில் எளிய வழியைத்தான் பிடித்தது. ஃபங்ஷன் உருவாகும்போது வெளிமாறியின் மதிப்பைப் படியெடுத்து உறையவைத்துவிடும்; மேலே சொன்ன தொகையை அதில் ஏற்ற முடியாது. 2003-இல் வந்த 5.0 பதிப்பில் அதை மாற்றி எழுதினார்கள்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெளி ஃபங்ஷன் ஓடுகிற வரை தொகை ஸ்டாக்கிலேயே இருக்கும். உள் ஃபங்ஷன் அதைப் பிடிக்கும்போது ஹீப்பில் ஒரு சின்னப் பெட்டி உருவாகும். அப்வேல்யூ என்பது அதன் பெயர். பெட்டியில் ஒரு பாயின்டரும், ஒரு மதிப்பு கொள்ளும் அளவுக்குக் காலி இடமும் உண்டு. முதலில் பாயின்டர் ஸ்டாக்கில் உள்ள அசல் தொகையைக் காட்டும். வெளி ஃபங்ஷன் முடியும்போது, ஸ்டாக் இடம் பறிபோவதற்குள் தொகையின் மதிப்பு பெட்டியின் காலி இடத்துக்கு வந்து சேரும். பாயின்டரும் அந்த இடத்தையே காட்டும்படி திருப்பப்படும். உள் ஃபங்ஷனுக்கு இந்த வீடு மாற்றம் தெரியவே தெரியாது. முன்பும் பாயின்டர் காட்டிய இடத்துக்குப் போய்த்தான் படித்தது, இப்போதும் அப்படியே.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே தொகையை இரண்டு உள் ஃபங்ஷன்கள் பிடிக்கலாம். ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும். ஆளுக்கொரு பெட்டி கிடைத்தால், வெளி ஃபங்ஷன் முடிந்த நொடியில் தொகை இரண்டாகப் பிளந்துபோகும். ஒன்று கூட்டியது மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால் ஸ்டாக்கைக் காட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளையெல்லாம் லூவா ஒரு சங்கிலியில் கோத்து வைத்திருக்கிறது. புதிய ஃபங்ஷன் ஒரு மாறியைப் பிடிக்க வந்தால் முதலில் சங்கிலியில் தேடும். அந்த மாறிக்கு ஏற்கெனவே பெட்டி இருந்தால் அதையே கொடுத்துவிடும். எந்த உள் ஃபங்ஷனும் தொடாத மாறிக்குப் பெட்டியும் இல்லை, செலவும் இல்லை.

படியெடுப்பதை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிடிபட்ட பிறகு மாறாத மாறியைப் படியெடுத்தாலும் பகிர்ந்தாலும் எந்த நிரலாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கீம் மொழியின் கம்பைலர்கள் பல இதைப் பயன்படுத்திக்கொள்கின்றன: உள் ஃபங்ஷனால் பிடிக்கப்பட்டு, மதிப்பும் மாற்றப்படுகிற மாறிக்கு மட்டும் பெட்டி, மற்றதற்கெல்லாம் நகல். 2014-இல் வந்த ஜாவா 8 அந்த வித்தியாசம் தெரியவே கூடாது என்று சட்டம் போட்டது. உள்மாறி ஒன்றை லாம்டா பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு தடவைக்கு மேல் மதிப்பு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. கோழைத்தனம் என்று முதலில் பட்டது. நாளாக நாளாக நியாயம் தெரிகிறது. 2011-இல் சி++ எடுத்த முடிவு நேர் எதிரானது: நகலா பகிர்வா என்று எழுதுகிறவரே குறியிட்டுச் சொல்ல வேண்டும். பகிர்வு என்று குறித்துவிட்டு, மாறி செத்த பிறகு ஃபங்ஷனை அழைத்தால் குப்பையைப் படிக்க நேரும். ஸ்டாக் இடம் பறிபோகிற அதே பழைய கதை, காப்பாற்ற ஆளில்லாமல்.

பகிர்வதென்று முடிவெடுத்த மொழிகளுக்கும் லூப் விஷயத்தில் இன்னொரு கேள்வி பாக்கி. சுற்றுக்கொரு புது மாறியா, எல்லாச் சுற்றுக்கும் ஒன்றேவா? ஜாவாஸ்கிரிப்ட் 2015-இல் ‘லெட்’ என்ற புது அறிவிப்பைக் கொண்டுவந்தது. அதை லூப்பில் போட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு புது மாறி பிறக்கும், பழைய மதிப்பு அதற்குள் நகலாகும், பிறகுதான் 1 கூடும். ஐந்து பொத்தான்களும் சரியாக வேலை செய்யும். பழைய நிரல்கள் உடையாமல் இருக்க ‘வார்’ அப்படியே விடப்பட்டது. சி# மொழி 2012-இல் தன் ‘ஃபார் ஈச்’ லூப்பின் பொருளையே மாற்றியது.

கோ மொழி மசியாமல் இருந்தது. 2020-இல், வலைத்தளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம், 30 லட்சத்துக்கும் அதிகமான சான்றிதழ்களை ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. ஒரு சான்றிதழில் பல தளப்பெயர்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் மறுபடி சோதிப்பதற்குப் பதிலாக ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சோதித்திருந்தது அவர்களுடைய மென்பொருள். காரணம், கோ மொழியில் எழுதிய ஒரு லூப். அங்கே மாறியைப் பிடித்தது க்ளோஷர் அல்ல, பாயின்டர்; ஆனால் வியாதி ஒன்றுதான். எழுதியவருக்கு விஷயம் தெரியாமலும் இல்லை. லூப்பின் இரண்டு மாறிகளில் ஒன்றுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் இது மாறும் என்ற குறிப்போடு நகல் எடுத்திருக்கிறார். இன்னொன்று விட்டுப்போயிற்று.

2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22 பதிப்பில் சுற்றுக்கொரு புது மாறி என்று விதி மாறியது. பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் இருக்கக்கூடும் என்பதால், தன் திட்டக் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு எண்ணைக் குறித்திருக்கும் நிரலுக்கு மட்டுமே புது விதி. எண்ணை மாற்றாதவர்களின் லூப்கள் புதிய கம்பைலரிலும் பழைய மாதிரியே ஓடிக்கொண்டிருக்கின்றன.