முதுமையும் கோல்ப் வீச்சும்

கோல்ப், ஓடாத ஆட்டம். ஆதலால் முதியோர்க்கு எளிதென எண்ணிவிடுகிறோம். இடர் அவர்களுக்கு நடையில் இல்லை. மட்டையை வீசும் நொடியில் இருக்கிறது.

வீச்சின்போது நன்கு திரும்ப வேண்டியவை இடுப்பு மூட்டுகளும் மார்புப் பகுதி முதுகெலும்பும் ஆகும். அகவை கூடக்கூட இவை இறுகுகின்றன. இவற்றின் பங்கையும் கீழ்முதுகு சுமக்க நேர்கிறது. அதுவோ இயல்பிலேயே மிகச் சிறிதளவு திரும்பவல்லது. வலி அங்கே தோன்றுவதில் வியப்பில்லை. அங்கே தைலம் தடவுவதோடு நின்றுவிடுவோரே மிகுதி!

ஆட்டத்திற்கு முன், நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, இடுப்பை அசைக்காது மேலுடலை இருபுறமும் பத்து முறை மெல்லத் திருப்புதல் நன்று. ஆட்டம் முடிந்தபின், ஒரு கணுக்காலை மறு முழங்காலின்மேல் வைத்துச் சற்றே முன்குனிந்து 30 நொடி இருத்தல் இடுப்பைத் தளர்த்தும். சுவரருகே ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் வேண்டும். நிலை தடுமாறுவோர் வீச்சைப் பாதியிலேயே அடக்கிவிடுகின்றனர்.

டாம் வாட்சன் 2008இல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர். மறு ஆண்டே, தம் 59ஆம் அகவையில், டர்ன்பெரியில் நடந்த ஓப்பன் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்து, கூடுதல் ஆட்டத்திலேயே தோற்றார். எனினும் மூட்டு மாற்றிக்கொண்டோர் மேற்சொன்ன கால் பயிற்சியை மருத்துவர் இசைவின்றிச் செய்தலாகாது.