விளம்பரமும் இடமறிதலும்

வணிகர் தம் சரக்கின் சிறப்பைப் பிறர்க்கு அறிவித்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். பறையறைந்தும், சுவரில் எழுதியும், செய்தித்தாளில் அச்சிட்டும் அறிவித்த காலத்தில், அவ்வறிவிப்பு எவ்வெவரைச் சென்றடையும் என்பதை அவர் ஊகித்தலன்றித் துணிந்து கூறல் இயலாதிருந்தது. இணையத் தேடலோடு தோன்றும் விளம்பரங்களோ, இன்ன ஊரில் உள்ளார்க்கு மட்டும் காட்டுக என்னும் ஆணைக்கு அடங்குவனவாக உள்ளன. 2000-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தொடங்கிய விளம்பரப் பணியில், இப்பொழுது ஒரு நாட்டையோ, நகரத்தையோ, ஓரிடத்தைச் சூழ்ந்த சில கிலோமீட்டர் வட்டத்தையோ வணிகர் குறித்தல் கூடும். ஆயின், தேடுவோர் இருக்குமிடத்தைப் பொறி யாங்ஙனம் அறிகின்றது? அவ்வறிவு எத்துணை உறுதியுடையது? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இடமறிதற்குரிய வழிகள் பல. செல்பேசியிலுள்ள ஜி.பி.எஸ். கருவி, செயற்கைக் கோள்களின் குறிகளைக் கொண்டு, திறந்த வெளியில் சில மீட்டர் அளவிற்குள் இடத்தைக் காட்டும். அருகிலுள்ள வை-ஃபை கருவிகளும் செல்பேசிக் கோபுரங்களும் அதனினும் பரந்த எல்லையைக் காட்டும். இவை கிட்டாதவிடத்து எஞ்சுவது ஐ.பி. எண் ஒன்றே. இவ்வெண் வீட்டிலக்கம் போல்வதன்று. இணையத் தொடர்பு வழங்கும் நிறுவனத்திற்குத் தொகுதியாக அளிக்கப்பட்டு, அந்நிறுவனத்தால் வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளிக்கப்படுவது. செல்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே எண்ணின்கீழ் வைத்தலும் உண்டு. அதனால் சிற்றூரில் இருப்பாரொருவர், அந்நிறுவனத்தின் நுழைவாயில் அமைந்த தொலைநகரில் இருப்பவராகத் தோன்றுவர். ஆதலின் ஐ.பி. எண்ணைக்கொண்டு நாட்டை அறிதல் பெரும்பாலும் பிழைபடாது. ஊரை அறிதலோ பலகாலும் பிழைபடும்.

பொறியின் பிழையன்றிச் சொற்பொருளை உணராமையால் நேரும் இழப்பும் ஒன்றுண்டு. ஓரிடத்தைக் குறித்தால், அவ்விடத்தில் உள்ளாரை மட்டுமன்றி, அவ்விடத்தில் நாட்டமுடையாரையும் சேர்த்துக்கொள்வதே கூகுள் விளம்பரப் பணியின் இயல்பான அமைப்பாகும். இலண்டனிலிருந்து பாரிஸ் நகரத்து விடுதியைத் தேடுவார்க்கு அவ்விடுதியின் விளம்பரம் தோன்றுதல் விடுதியாளர்க்கு நன்மையே. அந்நகரத்து முடிதிருத்துவோர்க்கோ, தொலைவிலிருப்பார் விளம்பரத்தைத் தொடுந்தோறும் கட்டணம் வீணாகும். உள்ளாரை மட்டும் தெரிந்துகொள்ளும் வழியும் அப்பணியிலேயே உள்ளது. அறியாதார் அதனை நாடுவதில்லை.

விளம்பரத்தில் இடம் பிழைத்தால் இழப்பது பொருள். அதே ஐ.பி. எண் அட்டவணையைக் கொண்டு ஒருவர் இல்லத்தைத் தேடப் புகின், இழப்பது அமைதி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய அட்டவணை தொகுக்கும் மாக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம், நாடு மட்டுமே தெரிந்து ஊர் தெரியாத எண்களுக்கு, நாட்டின் நடுவிடத்திற்கு அண்மையதாக, வடக்கு 38, மேற்கு 97 பாகை என்னும் முழுவெண் புள்ளியைக் குறித்துவைத்தது. அப்புள்ளி கான்சஸ் மாகாணத்தில் போட்வின் என்னும் சிற்றூர்க்கு அருகேயுள்ள ஒரு பண்ணையில் விழுந்தது. அறுபது கோடிக்கு மேற்பட்ட எண்கள் அப்பண்ணையைச் சுட்டின! குற்றவாளிகளைத் தேடிக் காவலரும், வரி அதிகாரிகளும், ஏமாற்றப்பட்டுச் சினந்தோரும் பல்லாண்டுகள் அவ்வில்லத்தை நாடி வந்தனர்; அங்கு வாழ்ந்தோர்க்கு அதன் காரணம் விளங்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் செய்தியாளர் ஒருவர் உண்மையை வெளிப்படுத்திய பின்னரே, நிறுவனம் அப்புள்ளியை ஒரு நீர்நிலைக்கு மாற்றியது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? ஊர் தெரியாமை குற்றமன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒரு புள்ளியாக்கிக் காட்டியதே குற்றம். எனவே இடத்தைக் கூறும் பொறி, இத்துணைக் கிலோமீட்டருக்குள் என்னும் எல்லையையும் உடன்கூறல் வேண்டும். வணிகரும் குறுகிய வட்டத்தை முற்றும் நம்பாது, தம்பால் வரும் வாடிக்கையாளர் எவ்வூரினர் என்பதை வினவி, விளம்பரக் கணக்கோடு ஒப்பிட்டு நோக்குதல் நலம். தன் எல்லையைத் தானே கூறும் அறிவே நம்புதற்குரிய அறிவு என்க.