கால் ஆடாம காது கேட்குமா?

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பஸ்ல, மெட்ரோவுல இருந்தாலும் பரவாயில்லை, தொடையில தட்டினா போதும்.

ஒரே வேகத்துல, எந்தத் தட்டும் மத்ததைவிட ஓங்காம, தட்டிக்கிட்டே இருங்க. இப்போ ரெண்டு தட்டுக்கு ஒருமுறை தலையை ஆட்டுங்க. கொஞ்ச நேரத்துல தட்டுகள் ஜோடி ஜோடியா கேட்கும். அப்படியே மாத்தி, மூணு தட்டுக்கு ஒருமுறை ஆட்டுங்க. இப்போ மூணு மூணா கேட்குதா? கை மாறலை, வேகம் மாறலை. மாறினது உங்க தலையாட்டல் மட்டும்தான்.

தாளத்தைக் காது கேட்குது, அப்புறம் உடம்பு ஆடுதுன்னுதான் நாம நினைக்கிறோம். ஆனா உடம்பு எப்படி ஆடுதோ, அப்படித்தான் காதும் கேட்குது.

இதைக் கைக்குழந்தைகளை வச்சே சோதிச்சிருக்காங்க. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வர், லாரல் ட்ரெய்னர் ரெண்டு பேரும் 2005ல வெளியிட்ட ஆய்வு அது. ஏழு மாசக் குழந்தைகளுக்கு, எங்கேயும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தைப் போட்டாங்க. பாதிக் குழந்தைகளை ரெண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கிக் குலுக்கினாங்க, மீதிப் பேரை மூணு தட்டுக்கு ஒருமுறை. பிறகு அதே தாளத்தை, ரெண்டுல அழுத்தம் வச்சும் மூணுல அழுத்தம் வச்சும் போட்டுக் காட்டினாங்க. குழந்தைகள், தங்களை எப்படிக் குலுக்கினாங்களோ அந்த வடிவத்தைத்தான் அதிக நேரம் கேட்டுச்சு. கண்ணைக் கட்டிக் குலுக்கினாலும் அதே முடிவு. ஆனா பெரியவங்க குலுங்குறதைச் சும்மா பார்த்துக்கிட்டிருந்த குழந்தைகள்கிட்ட அந்த வித்தியாசமே இல்லை.

பார்த்தா போதாது. உடம்பு அசைஞ்சிருக்கணும்.

பெரியவங்களுக்கும் இதுல பங்கு உண்டு. 2007ல வெளிவந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வுல, ஸ்கேனருக்குள்ள படுத்தபடி தாளம் கேட்டவங்களுக்கும், அசைவைத் திட்டமிடுற மூளைப் பகுதிகள் வேலை செஞ்சுது. சீரான தட்டு தெளிவா இருந்த தாளங்களுக்கு அது இன்னும் அதிகம். வெளியே கால் சும்மா இருக்கு; உள்ளே ஏற்கெனவே ஆட்டம் தொடங்கிடுச்சு.

எனக்கு இது உறைச்சது ஒரு பறை வகுப்புலதான். தோள்ல பறையை மாட்டி, அடிக்குச்சி ஒரு கையில, சிண்டுக்குச்சி இன்னொரு கையில. பாடத்தை எழுதி வச்சு, மனப்பாடம் பண்ணி, நேரா நின்னு அடிச்சேன். நாலு சுத்துக்குள்ள தடுமாறும். சொல்லிக்கொடுத்த அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பறையைக் கீழ வைங்க தம்பி. மொதல்ல நடங்க"ன்னார். அன்னைக்குப் பூரா வெறும் அடவுதான். மறுநாள் பறையோட நடந்தேன். கால் தரையில ஊன்றின இடத்துல, கை தானா விழுந்துச்சு.

யோசிச்சா அந்தக் கருவியே அப்படித்தான் இருக்கு. தவில், மிருதங்கம் எல்லாம் கச்சேரியில உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியங்கள். பறை தோள்ல தொங்குது. உடம்போட சேர்ந்தே ஆடும். பறையாட்டத்துல அடிக்கிறவங்கதான் ஆடுறவங்களும். பக்கத்துல இருக்கிறவரோட காலைப் பார்த்தே அடுத்த அடி எங்கே விழும்னு தெரிஞ்சுடும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காம சொல்லணும். சின்ன வயசுல எங்க தெருவுல பறைச்சத்தம் வந்தா, அம்மா ஜன்னலைச் சாத்திடுவாங்க. "சாவு மேளம். உள்ள வா." கட்டிலுக்குக் கீழே தட்டிக்கிட்டிருந்த என் காலையும் நிறுத்தச் சொல்வாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தது சாதின்னு அப்போ எனக்குத் தெரியாது. ஒரு சமூகத்து மக்களைச் சாவுக்குப் பறையடிச்சே ஆகணும்னு கட்டாயப்படுத்திட்டு, அந்தச் சத்தத்தையும் இழிவுன்னு ஒதுக்கி வச்ச ஊர் இது. அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பறையடிக்க மறுத்தவங்க இருக்காங்க. அதே பறையைத் தங்கள் மானத்தின் குரலா மேடைக்குக் கொண்டுவந்தவங்களும் இருக்காங்க.

எனக்கு நடந்தது அவங்களுக்கு நடந்ததோட ஒப்பிடுற விஷயமே இல்லை. ஆனா அந்த ஆய்வைப் படிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. காலைக் கட்டிப்போட்டதால, பத்து இருபது வருஷமா காதுல விழுந்த ஒரு இசையை நான் கேட்கவே இல்லை. எனக்கு அது வெறும் சத்தமா இருந்துச்சு.

போன மாசம் எங்க தெருவுல ஒரு ஊர்வலம் போச்சு. அம்மா ஜன்னல்கிட்ட எழுந்து போனாங்க. "இருக்கட்டும்மா, மூணு மூணா வருது பாருங்க"ன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசலை. ஆனா சாத்தவும் இல்லை.

அடுத்த தடவை பறைச்சத்தம் கேட்டா காலை நிறுத்தாதீங்க. அப்படியே நிமிர்ந்து, அடிக்கிறவங்க முகத்தையும் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.