ஆனேக்கல் வீட்டுக்குள் வரும் விளம்பரங்கள்

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. அங்கிருந்து தென்மேற்கே போனால் ஆனேக்கல். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் தாலுகா இது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் அப்படித்தான், மூன்று மொழிச் சேனல்களும் வரும். மொழி மாறினாலும் விளம்பரங்கள் மாறுவதில்லை. சாராயக் கம்பெனியின் பெயரில் சோடா, கஷ்டம் தீர்க்கும் யந்திரம், பத்தே நாளில் சர்க்கரையை விரட்டும் மருந்து என்று வரிசையாக வருகின்றன.

இவற்றைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும், அதன் கீழ் வரும் நிகழ்ச்சி நெறியும் விளம்பர நெறியும் நடைமுறையில் இருக்கின்றன. ஆபாசம் மட்டுமல்ல, மூடநம்பிக்கையை வளர்ப்பதும் நிகழ்ச்சி நெறிக்கு விரோதம். நிரூபிக்க முடியாத அற்புத சக்தி ஒரு பொருளுக்கு இருப்பதாக விளம்பரம் சொல்லக்கூடாது. மது, புகையிலை விளம்பரங்களுக்கு 2000-இல் தடை வந்தது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு.

அரசு கை ஓங்கிய நாட்களும் உண்டு. உலகின் கவர்ச்சியான விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டியதற்காக, 2007 ஜனவரியில் ஏஎக்ஸ்என் சேனலுக்கு இரண்டு மாதத் தடை விதித்தது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். சேனல் மன்னிப்புக் கேட்ட பிறகு தடை முன்கூட்டியே விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் எஃப்டிவி என்ற ஃபேஷன் சேனலுக்கும் இரண்டு மாதத் தடை. 2010 மார்ச்சில் அதே சேனல் மறுபடி சில நாள் இருண்டது.

உடம்பு தெரிந்தால் அமைச்சகம் விரைகிறது. ஏழையின் பணத்தைப் பறிக்கும் யந்திர விளம்பரத்திடம் அந்த வேகம் தெரிவதில்லை. அதைத் தடுக்க ஒருவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லி இத்தகைய பொருட்களைத் தொலைக்காட்சியில் விற்பது சட்டவிரோதம் என்று, 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு தீர்ப்பளித்தது. எது பெரிய கேடு? நோயாளி மருந்தை நிறுத்திவிட்டுத் தாயத்து வாங்குவதா, பின்னிரவில் காட்டும் ஃபேஷன் நடையா? முந்தியதுதான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மது விளம்பரத்துக்குத் தடை இருந்தும் சோடா விளம்பரம் வீட்டுக்குள் நுழைகிறது. பெயரும் எழுத்தும் மதுப் புட்டியில் உள்ளவை. காட்டுவது மட்டும் சோடா. கிரிக்கெட் பார்க்க உட்காரும் பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் மனப்பாடமாகிவிடுகிறது.

இதற்காக எல்லாவற்றையும் அரசின் கையிலேயே கொடுத்துவிடவும் முடியாது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் கேரளத்தின் மீடியாஒன் செய்திச் சேனலை முடக்கிய உத்தரவை, 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை மறக்கக் கூடாது. ஆபாசத்தை வெட்டும் கத்தி செய்தியையும் வெட்டும்.

ஆகவே பார்ப்பவர்தான் முதலில் பேச வேண்டும். 2021 ஜூனில் வந்த விதிகளின்படி, புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் சேனல் அதற்கு ஒப்புகை தர வேண்டும்; 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கும், அதன் பிறகு மத்திய அரசுக்கும் போகலாம். விளம்பரம் பற்றிய புகார் என்றால், 1985-இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் இருக்கிறது.

அடுத்த முறை அந்த யந்திர விளம்பரம் வரும்போது சேனலை மாற்றுவதற்கு முன் தேதி, நேரம், சேனல் பெயர் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். புகாருக்கு முதலில் வேண்டியவை அவைதான்.