மூடி வைத்த உபாதை

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாஸஞ்சர் வண்டியில் பிரயாணம் செய்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் இரு பக்கமும் சம்பா நடவு. குனிந்த முதுகுகளைப் பார்த்துக் கொண்டே, எதிரே மீன்கூடையுடன் உட்கார்ந்திருந்த ஸ்திரீ நம் வீட்டு அம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்: "நானும் நட்டவதான் அம்மா. அடி இறங்கிப் போச்சு, விட்டுட்டேன்."

"எத்தனை வருஷமாய்?"

"மூணாவது பிள்ளை பொறந்ததிலேருந்து. பதினெட்டு வருஷம் ஆச்சு."

"யாரிடமாவது காட்டினாயா?"

"இதைப் போய் யாருகிட்ட அம்மா காட்டுறது?"

நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

மூத்திரப் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது தசையாலான ஓர் ஏணை. முன்னே அடிவயிற்று எலும்பிலிருந்து பின்னே முதுகெலும்பின் நுனி வரை அது கட்டப்பட்டிருக்கிறது. நெடுநேரப் பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்கிறது. பிறகு ஓய்வின்றிப் பாரம் தூக்குவது, ஓயாத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற பின் வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து கொள்கின்றன. ஏணை தொய்ந்தால் அதில் இருப்பவை இறங்கத்தானே செய்யும்?

செங்கற்பட்டுக் கிராமங்களில் 1981 முதல் உழைத்து வரும் ரூவ்செக் என்னும் பெண்கள் ஸ்தாபனத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் அவர் சகாக்களும், இந்த உபாதையுள்ள பெண்களையே பேச வைத்துக் கேட்டு 1999ல் வெளியிட்டார்கள். பிள்ளை பெற்ற சூட்டோடு வேலைக்குத் திரும்பியதையும், வாய் திறவாமல் சகித்ததையும் அதில் காணலாம்.

இது கூலிக்காரப் பெண்களின் வியாதி என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பிரசவித்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருமினால், தும்மினால் நீர் கசிகிறது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் புறப்படும் மாமி, முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுகிறாளே, அது விரதமென்றா நினைத்தீர்கள்? அப்படிச் செய்வது கெடுதல். நீர் குறைந்தால் மூத்திரம் கடுத்துப் பையை உறுத்துகிறது; மலமும் இறுகி, முக்க வேண்டி வருகிறது.

பரிகாரமோ மிக எளிது. 1948ல் அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கெகல் எடுத்துச் சொன்ன அப்பியாசம் அது. காற்றையும் நீரையும் அடக்குவது போல் அந்தத் தசையை மட்டும் உள்ளே மேலாக இழுக்க வேண்டும். முதலில் மூன்று விநாடி பிடித்து, அதே அளவு தளர்த்த வேண்டும். நாளாவட்டத்தில் பத்து விநாடி வரை போகலாம். ஒரு வேளைக்குப் பத்து முறையாக, தினம் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது; வயிற்றையும் பிருஷ்டத்தையும் இறுக்கக் கூடாது. நீர் கழிக்கும்போது இதைப் பழகுவதும் தவறு. அரிசி களைந்து கொண்டே செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது! ஆனால் மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இருமினால் கசியும் பெண்களைப் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து 2018ல் வந்த காக்ரேன் ஆராய்ச்சியில், அப்பியாசம் செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான்.

சதை வெளியே தள்ளினாலோ, நீர் பிரியாவிட்டாலோ, மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்டாலோ அப்பியாசத்தை நம்பிக் காத்திருக்கலாகாது. உள்ளே பொருத்தும் சிலிகோன் வளையம் உண்டு. அவசியமானால் சஸ்திர சிகிச்சையும் உண்டு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி இருப்பதையும், 1985ல் தொடங்கிய அண்ணாமலைநகர் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இப்போது அரசாங்கத்தினுடையது என்பதையும் அம்மாள் அவளுக்கு எடுத்துச் சொன்னாள். கிள்ளை தாண்டும் வரை அவள் பதில் பேசவில்லை.

"அங்கே பொம்பளை டாக்டரு இருப்பாங்களா அம்மா?" என்றாள் பிறகு.

சிதம்பரம் வந்தது. கூடையை ஒரு பக்கம் நாமும் பிடித்து இறக்கினோம். நல்ல கனம்.