தாத்தாவின் படத்தில் அடுப்படியும் உண்டு!



எங்கள் வீட்டில் 71 வயதில் ஒரு போட்டோகிராபர் இருக்கிறார். வேறு யாரும் இல்லை, என் மாமனார்தான். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் காபி குடித்த கையோடு செல்போனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பேத்தி சைக்கிளுக்குக் காற்றடிப்பது, பேரன் ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடுவது, நான் இட்லித் தட்டைத் தூக்குவது என்று எதையும் விடமாட்டார்.

"வயசான காலத்துல இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று எங்கள் தெருவில் கேட்கிறவர்கள் உண்டு. நானும் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, சரி, நம் பக்கத்துக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாமாவுக்குப் படம் எடுப்பது புதிதில்லை. கல்யாணமான புதிதில் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வாங்கினாராம். அதில் ஒரு ரோலுக்கு 12 படம்தான் வரும். ரோல் வாங்க ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, பிரிண்ட் போட ஒரு செலவு. அதனால் காது குத்து, மொட்டை, பொங்கல் என்று நாள் பார்த்துத்தான் எடுப்பாராம். அந்தப் படங்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. என் கணவர் தவழ்வது இருக்கிறது. நாத்தனார் மொட்டைத் தலையோடு அழுவது இருக்கிறது. மாமாவின் மில் சினேகிதர்கள்கூட இருக்கிறார்கள்.

என் மாமியார்தான் இல்லை.

விசேஷ நாளில் அவர் அடுப்படியில் இருந்திருப்பார். கூப்பிட்டாலும் "தலைகூட வாரல, போங்க" என்று உள்ளே போய்விடுவாராம். ஒரே ஒரு படத்தில் குழந்தையைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் இரண்டு கை மட்டும் தெரியும். கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கை அத்தையுடையது.

2019-ல் அத்தை எங்களை விட்டுப் போனார். மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று வீடு முழுக்கத் தேடினோம். கல்யாண ஆல்பங்களில் மூன்றாவது வரிசையில் பாதி முகம்தான் கிடைத்தது. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டினோம். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாப்பது வருஷம் என்கூட இருந்தா. அவ சிரிச்ச படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்லையேம்மா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அத்தை போகும்போது என் மகனுக்கு ஒரு வயது. கொஞ்சம் பேச்சு வந்த பிறகு அந்தப் படத்தைக் காட்டி, "அப்பத்தா ஏன் கோவமா இருக்காங்க?" என்று கேட்டான். பேரனைத் தரையில் விடாமல் தூக்கி வைத்திருந்தவரை அவன் கோபக்காரி என்று நினைத்துவிட்டான்! அந்த ஒரு கேள்விதான் மாமாவை மறுபடியும் படம் எடுக்க வைத்தது.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. என் தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். 2018 ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க அத்தையையும் கூட்டிப் போயிருந்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கையில் பால்கோவாவோடு, எதற்கோ கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருப்பதை என் தம்பி விளையாட்டாகத் தன் போனில் எடுத்திருக்கிறான். பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தபோது அகப்பட்டது. தலை கலைந்துதான் இருக்கிறது. ஆனால் அதுதான் எங்கள் அத்தை! இப்போது சுவரில் இருப்பது அந்தப் படம். மகனும் "சிரிக்கிற அப்பத்தா" என்றுதான் சொல்கிறான்.

அதிலிருந்து மாமா விசேஷங்களைவிட சாதாரண நாட்களைத்தான் தேடித் தேடி எடுக்கிறார். பின்னால் சஞ்சீவி மலை தெரிய மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவது, ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பும் மில் பெண்கள், சத்திரப்பட்டியில் வெயிலில் காயும் பேண்டேஜ் துணி, அய்யனார் கோவில் ஆற்றில் பேரன் போட்ட ஆட்டம், மாம்பழ சீசனில் சப்பட்டை மாம்பழம் தின்று சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டது... ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் எல்லோரும் பதினோரு நிலைக் கோபுரத்தின் முன் நிற்க வைத்து எடுப்பார்கள். இவர் பால்கோவா கிண்டுகிறவரின் வியர்வை வழியும் முகத்தையும், பூக்கட்டும் அம்மாவின் விரலையும் எடுத்து வருவார். ஆண்டாள் கையில் இருக்கும் கிளிக்கு மூக்கு மாதுளம்பூவில் என்பது இத்தனை வருஷம் அந்த ஊரில் வளர்ந்த பெண் நான். என் மகளுக்கு அதைப் படத்தில் பெரிதாக்கிக் காட்டியது தாத்தாதான்.

இந்த வயதில் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஜப்பானில் கிமிகோ நிஷிமோட்டோ என்ற பாட்டி 72-வது வயதில்தான் கேமராவைத் தொட்டார். மகன் நடத்திய வகுப்பிலேயே மாணவியாகச் சேர்ந்து, தன்னையே வேடிக்கை வேடிக்கையாகப் படம் எடுத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். 2025-ல் இறந்தார். நம் நாட்டில் ஓவியர் அமிர்தா ஷேர்கிலின் அப்பா உம்ராவ் சிங், மனைவியையும் இரண்டு மகள்களையும் வீட்டிலேயே ஏராளமாகப் படம் எடுத்து வைத்தார். அமிர்தா 1941-ல் 28 வயதிலேயே இறந்துவிட்டார். பிற்காலத்தில் உம்ராவ் சிங்கின் பேரன் விவான் சுந்தரம், தாத்தா எடுத்த அந்தப் படங்களை வைத்தே புதிய கலைப் படைப்புகள் செய்தார். தாத்தா எடுத்து வைத்தது பேரனுக்குச் சொத்தாயிற்று!

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் பட்டுக் கட்டி, நகை போட்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டியை யார் எடுத்தார்கள்? அதை வீட்டில் இருப்பவர்கள்தான் எடுக்க முடியும்.

போனில் எடுத்தால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. 2022-ல் மாமாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. அதில் இருந்த படங்கள் திரும்பி வரவில்லை. பிரிண்ட் போட்டவை மட்டும்தான் மிஞ்சின. அன்றிலிருந்து மாமா சில வழக்கங்கள் வைத்திருக்கிறார். உங்களுக்கும் உதவும்:

* மாதக் கடைசியில் 12 படம் பொறுக்கிப் பிரிண்ட் போடுகிறார். பழைய ரோல் கணக்கு! செலவும் கையைக் கடிக்காது.

* படத்தின் பின்னால் பேர், ஊர், தேதி எழுதுகிறார். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அதனால் மார்க்கர் பேனாவால் லேசாக எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குகிறார்.

* பசை ஒட்டும் ஆல்பத்தில் வைப்பதில்லை. அதில் நாளடைவில் படம் மஞ்சளடிக்கிறது, பிரித்தால் கிழிகிறது. உறை உறையாக இருக்கும் ஆல்பம்தான்.

* பிரிண்ட் போடாதவற்றை என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கிறாள்.

* அடுத்த வீட்டுப் பிள்ளைகளை எடுத்தால் அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். யார் படத்தையும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

இதில் கடைசி வழக்கம் வீட்டுக்குள்ளும் உண்டு. என் மகளுக்கு இப்போது 13 வயது. ஒருநாள், "தாத்தா, இனிமே என்னைக் கேட்டுட்டு எடுங்க" என்றாள். நான் அதட்ட வாயெடுத்தேன். மாமா கையமர்த்தி, "அவ சொல்றது சரிதாம்மா" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்போது கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். அவளும் பத்துக்கு எட்டு தடவை சரி என்கிறாள்.

தோழிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் போனை வைத்துக்கொண்டு தடுமாறினால் சலித்துக்கொள்ளாமல் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று. அவர் உங்களைப் படம் எடுக்க வரும்போது "தலை வாரல, சேலை கசங்கியிருக்கு" என்று அடுப்படிக்குள் ஓடாதீர்கள். கையில் கரண்டியோடு அப்படியே நில்லுங்கள். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் தேடப்போவது அந்த முகத்தைத்தான்.

- ஓர் இல்லத்தரசி, ராஜபாளையம்.