பிளாஸ்டிக்குக்கும் மூப்பு உண்டு

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைபவர் முதலில் உணர்வது அதன் மணத்தையே. வாட்டிய கொழுந்தை உருளைப் பொறியில் இட்டு நசுக்கி, குளிர்ந்த ஈரமான இடத்தில் மெல்லிய படையாகப் பரப்பி வைக்கிறார்கள். சிறிது நேரத்திற்குள் பச்சை நிறம் மறைந்து செம்பு நிறம் ஏறுகிறது. தொழிற்சாலைக்காரர்கள் இதனை நொதித்தல் என்பார்கள். ஆயினும் கள்ளிலும் தோசை மாவிலும் நிகழும் நொதித்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்காக உள்ள பிராணவாயு, அதாவது ஒட்சிசன், நசுங்கிய இலையின் சாற்றோடு சேருகிறது, அவ்வளவுதான். இலையிலேயே உள்ள ஒரு நொதியம் அவ்விரண்டையும் சேர்த்து வைக்கிறது. நிறமும் சுவையும் பக்குவத்துக்கு வந்தவுடன் தூளைச் சூடான காற்றுள்ள உலர்த்திக்குள் அனுப்புகிறார்கள். சூடு பட்டதும் நொதியம் செயலிழக்கிறது. ஒட்சிசனின் வேலையும் நின்றுவிடுகிறது.

தேயிலைத் தூளில் சூடு ஒட்சிசனைத் தடுத்து நிறுத்துகிறது. அதே தொழிற்சாலையின் சுவரில் ஓடும் மின்சார வயரிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே சூடு ஒட்சிசனுக்குத் துணைநின்று, அதன் வேலையைப் பன்மடங்கு விரைவாக்குகிறது. வயரின் மேலுறையும் இறப்பர் வாரும் நீர்க்குழாயும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மூப்படைவது இந்தக் கூட்டினால்தான்.

பிளாஸ்டிக் அழியாது என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். வீசி எறிந்த பொலித்தீன் பையைக் குறித்து அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அழியாதிருப்பது வேறு, வலுவோடிருப்பது வேறு. நொறுங்கிப் போன வாளியின் துண்டுகள் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும்; அவற்றைக் கொண்டு தண்ணீர் மொள்ள முடியுமா?

இந்த மூப்பின் காரணம் முதன்முதலாக ஆராயப்பட்ட வரலாறு நம் பக்கத்து நாட்டைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் தந்திக் கம்பிகள் போடப்பட்டபோது, சில இடங்களில் அவற்றின் மீது கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலைப் பூசினார்கள். மலாய் நாட்டுக் காடுகளில் கிடைத்த இப்பொருள் இறப்பருக்கு உறவானது. ஐரோப்பாவின் கடலடிக் கம்பிகளைச் சுற்றி அது ஆண்டுக்கணக்காகப் பழுதின்றி இருந்தது. இந்திய வெயிலில் அதே பொருள் விரைவிலேயே உலர்ந்து உடையத் தொடங்கிற்று. பழுதான துண்டுகள் இலண்டனில் இருந்த ஜெர்மானிய இரசாயனப் பேராசிரியர் ஹொஃப்மனின் கைக்குச் சென்றன. அவர் அவற்றைப் பகுத்துப் பார்த்து, உடைந்த கட்டாபேர்ச்சா காற்றிலிருந்து ஒட்சிசனை உறிஞ்சியிருக்கிறது என்று 1861ஆம் ஆண்டில் எழுதினார். கடலுக்கடியில் குளிர்ச்சி உண்டு, காற்று இல்லை. இந்தியாவில் காற்றும் உண்டு, சூடும் உண்டு. அயன நாடுகளின் வெப்பமே அக்கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது என்பது அயன நாட்டவராகிய நாம் கவனிக்கத் தக்கது.

ஒட்சிசன் செய்யும் வேலை எத்தகையது? பிளாஸ்டிக்கும் இறப்பரும் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. பல்லாயிரம் காபன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வரிசைகள் அவை. பக்கவாட்டில் ஐதரசன் அணுக்கள் ஒட்டியிருக்கும். சூட்டினாலோ வெயிலினாலோ எங்கோ ஓரிடத்தில் ஓர் ஐதரசன் அணு கழன்று விழுகிறது. அவ்விடம் துணையற்ற மின்னணு ஒன்றுடன் வெறுமையாக நிற்கிறது. இரசாயன நூல்கள் இதனைச் சுயாதீன மூலிகம் என்று கூறும். இதற்காகவே காத்திருந்தது போல ஒட்சிசன் அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பின்னும் அது அமைதியடைவதில்லை. பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசனைப் பறித்துக்கொள்கிறது. இப்போது அந்தச் சங்கிலியில் வெறுமை உண்டாகிறது. அங்கும் ஒட்சிசன் வருகிறது. இது மட்டுமா? பறித்த ஐதரசனோடு உருவாகும் பெரொட்சைட்டு என்னும் பொருள் சூட்டில் உடைந்து, ஒன்றுக்கு இரண்டாகப் புதிய மூலிகங்களைப் பிறப்பிக்கிறது.

ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது நமது மலைகளில் மானாப்புல் தீப்பற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு தீப்பொறி ஒரு புற்குவையைப் பற்றுகிறது. அதிலிருந்து பறக்கும் பொறிகள் இன்னும் இரண்டு குவைகளைப் பற்றுகின்றன. பிளாஸ்டிக்குக்குள் பரவுவதும் ஒருவகைத் தீயே. சுவாலையும் இல்லை, புகையும் இல்லை. முழுதும் பரவ ஆண்டுகள் பல ஆகலாம் என்பதே வேறுபாடு. முடிவில் சில சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன. வேறு சில ஒன்றோடொன்று தாறுமாறாகப் பிணைந்து இறுகுகின்றன. எவ்வகையானாலும் வளைந்துகொடுத்த பொருள் வெடிப்புக் காண்கிறது.

இதைத் தடுப்பதற்குப் பிளாஸ்டிக் செய்பவர்கள் அதில் ஒரு காவலாளியைக் கலந்து வைக்கிறார்கள். எதிர் ஒட்சியேற்றி என்பது அதன் பெயர். பெரும்பாலும் அது பீனோல் இனத்தைச் சேர்ந்த பொருளாக இருக்கும். அலைந்து திரியும் மூலிகத்துக்குத் தன் ஐதரசனைக் கொடுத்து அதனை அடக்கிவிடுவதே அதன் தொழில். பச்சைக் கொழுந்தின் உலர்ந்த நிறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதே பீனோல் இனப் பொருள்கள்தாம்! நாம் நாள்தோறும் குடிக்கும் கோப்பையில் இருப்பதற்கும் தண்ணீர்த் தாங்கியின் சுவருக்குள் ஒளிந்திருப்பதற்கும் இரசாயன உறவு உண்டு. தேயிலைச் சாற்றையே பிளாஸ்டிக்கில் கலந்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தேயிலை நாட்டவராகிய நமக்கு இந்தக் காவலாளி முற்றிலும் அந்நியன் அல்லன்.

ஆனால் காவலாளிக்கும் கையிருப்பு உண்டு. ஒவ்வொரு மூலிகத்தை அடக்கும்போதும் எதிர் ஒட்சியேற்றி சிறிது செலவாகிறது. அது தீரும்வரை பிளாஸ்டிக் புதியது போலவே இருக்கும். வளைத்தால் வளையும், நிறமும் அவ்வளவாக மாறாது. தீர்ந்த பின்னர் சில காலத்துக்குள்ளேயே வெடிப்புத் தோன்றிவிடும். பத்து வருடம் நன்றாக இருந்தது, இனியும் பத்து வருடம் இருக்கும் என்று கணக்கிடுவது இதனால்தான் பொருந்துவதில்லை. நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று வியப்பவர்களை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1889ஆம் ஆண்டில், வெப்பநிலைக்கும் இரசாயனத் தாக்கத்தின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். 1903இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. உயர்தர வகுப்பு மாணவர்கள் அவர் பெயரை அறிவார்கள். அமெரிக்காவில் டாக்கின் என்பவர் 1948இல் அச்சமன்பாட்டை மின்காப்புப் பொருள்களின் ஆயுளுக்குப் பொருத்திக் காட்டினார். நடைமுறையில் பொறியியலாளர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 70 பாகையில் 20 ஆண்டுகள் உழைக்கும் பொருள் 80 பாகையில் 10 ஆண்டுகளும், 90 பாகையில் 5 ஆண்டுகளும் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பொருளுக்குப் பொருள் கணக்கு மாறுமாயினும் போக்கு இதுவே.

நமது மாகாணத்துக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். அப்புத்தளைக்கும் அதன் காலடியில் கிடக்கும் வெல்லவாயாவுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். அந்த இறக்கத்தில் வெப்பம் 7 அல்லது 8 பாகை கூடிவிடுகிறது. ஒரே கடையில் வாங்கிய ஒரே இறப்பர்க் குழாய், நிழலில் கிடந்தாலும், கீழே மூப்படையும் வேகம் மேலே உள்ளதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலாகும். வெயிலின் கதிர்கள் செய்யும் கேடு இக்கணக்கில் சேரவில்லை, அது தனிக்கதை.

இனி, மிகுந்த சூட்டிலும் உழைப்பதற்காகவே ஆக்கப்பட்ட உயர்திறன் பிளாஸ்டிக்குகளைப் பார்ப்போம். 1938இல் அமெரிக்காவில் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த தெஃப்லோனில் ஐதரசனே கிடையாது. அதன் இடத்தில் புளோரின் அணுக்கள் இறுகப் பற்றி நிற்கின்றன. பறிப்பதற்கு ஐதரசன் இல்லாதபோது ஒட்சிசன் என்ன செய்யும்? 1960களில் வந்த பொலியிமைட்டு, 1978இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட பீக் ஆகியவற்றின் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. வளையத்திலுள்ள ஐதரசனைக் கழற்றுவது கடினம். ஆகவே பீக் என்னும் பிளாஸ்டிக் 250 பாகை அளவிலும் நெடுங்காலம் உழைக்கிறது. சந்திரனில் இறங்கிய கலத்தின் மேல் பொன்னிறமாகத் தெரிந்த தகடு பொலியிமைட்டே.

இவையும் சிரஞ்சீவிகள் அல்ல. விமான எஞ்சின்களின் பாகங்களுக்காக நாசா நிறுவனம் 1970களில் ஆக்கிய பிஎம்ஆர்-15 என்னும் பொலியிமைட்டு 288 பாகை வரை தாங்கும். அச்சூட்டில் நெடுநாள் வைத்துப் பார்த்தபோது அதன் நிறை சிறிது சிறிதாகக் குறைந்தது. வெட்டி நோக்கியபோது மேற்பரப்பில் மெல்லிய தோல் போன்ற பகுதி மட்டும் ஒட்சியேறிச் சுருங்கியிருந்தது, உள்ளே பழுதில்லை. ஒட்சிசன் உட்புகுவதற்கு முன்பே மேற்பரப்பு அதனை உறிஞ்சிவிடுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சுருங்கிய தோல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஒட்சிசன் அடுத்த படைக்கு இறங்குகிறது. வயல் மண் வெடிப்பதைப் போன்றதே இது.

விமானமும் சந்திரக்கலமும் நமக்குத் தொலைவில் உள்ளவை. நம் லயங்களில் இருப்பது பீக்கும் அன்று, பொலியிமைட்டும் அன்று. பிவிசி என்னும் சாதாரண உறை கொண்ட வயரே. அதன் உட்கம்பி 70 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு. பிவிசியின் மூப்பு சற்று வேறு விதமானது. அதனை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் மெல்ல ஆவியாகிறது. அதன் சங்கிலியிலிருந்து ஐதரோகுளோரிக்கமிலம் கழன்று வருகிறது. ஒட்சிசனும் சேர்ந்து கேட்டை வளர்க்கிறது. அமிலத்தை ஏற்று அடக்கும் காவற்பொருள் இதிலும் உண்டு, அதுவும் தீரும்.

இப்போது ஒரு லயக் காம்பராவை மனத்தில் கொள்ளுங்கள். நூறாண்டைத் தாண்டிய சுவர்; மரச்சட்டம்; மேலே தகரக் கூரை. நண்பகல் வெயிலில் அந்தத் தகரம் 60 பாகையையும் தாண்டும். அதனை ஒட்டி வயர் ஓடுகிறது. கீழே அடுப்புப் புகையும் சூடும். முதலில் ஒரு மின்குமிழுக்காக இழுத்த வயரில் பின்னர் தொலைக்காட்சி, சூட்டடுப்பு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் எல்லாம் ஏறிவிட்டன. மின்னோட்டம் மிகுந்தால் வயர் தானாகவும் சூடாகிறது. தகரத்தின் சூடு, அடுப்பின் சூடு, தன் சொந்தச் சூடு என மூன்றும் சேர்ந்தால், இருபது ஆண்டுகளுக்கென வாங்கிய உறை ஐந்தாறு ஆண்டுகளில் முதுமை எய்துவதில் வியப்பென்ன? அடுத்த அறைக்குச் செல்லும் வயரைக் கையால் முறுக்கி நாடா சுற்றிய இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தடை கூடுதலாக இருப்பதால் சூடும் அங்கேயே குவிகிறது.

லயத்தில் தீ, மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகம் என்ற செய்தியை நம் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஓர் அறையில் பற்றிய தீ ஒரே கூரையின் கீழ் உள்ள அத்தனை குடும்பங்களின் பாத்திரம் பண்டங்களையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் கொண்டுபோய்விடுகிறது. வயர் பழுதானது நேற்று நிகழ்ந்ததன்று. ஆண்டுக்கணக்காகக் கூரைக்கடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் நடந்தது அது. குடியிருப்பவர் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது என்பது என் கருத்து. நூறாண்டுக் கட்டடத்தின் மின்னிணைப்பைக் குறித்த கால இடைவெளியில் சோதித்து மாற்றுவது, கட்டடத்துக்குப் பொறுப்பானவர்களின் கடமையுமாகும்.

அதற்கிடையில் வீட்டில் கவனிக்கக்கூடியவை சில உண்டு. சொருகியைக் கழற்றியவுடன் தொட்டுப் பார்த்தால் சுடுகிறதா? ஆளியின் ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறதா? மீன் கருகியது போன்ற வாடை இடையிடையே வருகிறதா? வயரின் உறை விறைத்து, கோடு கோடாக வெடித்திருக்கிறதா? இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, தகுதியுள்ள மின்வினைஞரை அழைக்க வேண்டும். வயரைத் தாமே வளைத்துச் சோதிப்பது ஆபத்து. முதிர்ந்த உறை அந்த வளைவிலேயே உடைந்து கம்பி வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் தைரியம் கொள்வர். நிலத்துக்கோ மனித உடலுக்கோ 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் கசிந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். பல உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் தளர்ந்த முறுக்கில் மின்சாரம் வெளியே கசிவதில்லை. வழக்கமான பாதையிலேயே ஓடி, அந்த ஓரிடத்தை மட்டும் சுடவைக்கிறது. அந்தச் சூட்டை டிரிப் சுவிட்ச் அறியாது.